மல்கோவாவுக்கு வந்த சொறி

எங்கள் நாயின் பெயர் மல்கோவா. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நத்தம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் காவல் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை என் கணவர் சேசுராஜ் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார். உருண்டையாக, மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. பார்த்தவுடன் அவர் வைத்த பெயர் அது. வீட்டில் கோவா. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் முழுப்பெயர். உள்ளிருந்து உதவியாளர் வந்து, "மல்கோவா யாரு? மல்கோவா வாங்க" என்று கூவும்போது, ஆடு மாடுகளோடு நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து இவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. போன வாரம் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஓய்வறையில் அழுதுகொண்டிருந்தார். அவர் வீட்டு நாய்க்குத் தோல் முழுக்கப் புண். வைத்துப் பார்ப்பதா, ஊசி போட்டு அனுப்பிவிடுவதா என்று வீட்டில் தினமும் சண்டை. நாங்கள் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்காக எழுதுவதுதான் இது. வேறு யாருக்காவது உதவினாலும் சந்தோஷம்.

பாதத்தை நக்குவதில் ஆரம்பித்தது. நாய் என்றால் நக்கத்தானே செய்யும் என்று விட்டோம். பிறகு காதைச் சொறிந்தது. அடிவயிறு சிவந்தது. கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் வட்டம் விழுந்தது. அக்குளில் தோல் கறுத்துத் தடித்தது. அப்புறம் வந்தது வாடை. பழைய எண்ணெய்த் துணியை மூட்டை கட்டி வைத்ததுபோல் ஒரு வாடை. விருந்தாளிகள் வராந்தாவில் நின்றே பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

எங்கள் தெருவில் படிக்காத டாக்டர்கள் அதிகம். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், ஒருவர் மஞ்சளும் கந்தகமும் என்றார். இரண்டையும் செய்து பார்த்தோம். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசச் சொல்லி டப்பாவோடு வந்தவரை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பினேன். உடம்பை நக்குகிற பிராணிக்கு ஆயிலைப் பூசினால் அது வயிற்றுக்குள் போகாதா? தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஜெய்லானி பாய்தான் எங்களுக்கு வண்டி. தோல் பதனிடுகிற ஷாப்புக்கு லோடு அடிக்கிற குட்டியானை லாரி வைத்திருக்கிறார். நாய் எச்சில் பட்டால் அவர் உடுப்பை மாற்றி, பட்ட இடத்தை முறைப்படி பலமுறை கழுவிவிட்டுத்தான் தொழப் போக முடியும். அதனால் கோவாவை அவர் தொட்டதே இல்லை. ஆனால் நாங்கள் போகிற ஒவ்வொரு காலையும், அவர் ஹோஸ் பிடித்து வண்டியின் பின்பக்கத்தை அலசிக்கொண்டிருப்பார்.

முதல் தடவை எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "எதுக்கு பாய் இம்புட்டுச் சிரமம்? நாய்தானே ஏறப்போகுது" என்றேன்.

"தோல் ஏத்துன வண்டி டீச்சரம்மா. உப்பு கெடக்கும். புண்ணுல பட்டா எரியும்ல" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அலசிக் காயவைத்து, புதுச் சாக்கு இரண்டை விரித்து, வேகத்தடையில் எல்லாம் வண்டியை நத்தையாக ஊரவிட்டு ஏற்றி இறக்குவார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புங்கமரம். காத்திருக்கும் அறை என்றால் எங்களுக்கு அதுதான். வயிறு உப்பிய ஆடு, கால் தாங்கும் கன்றுக்குட்டி, கூடைக்குள் கோழி. கோவாவை இறக்கினால் சுற்றி ஓர் இடைவெளி விழும். சேசுராஜ் அந்த இடைவெளிக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். யாராவது மூக்கைப் பொத்தினால் நான் அவர்களை வகுப்பில் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பேன்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். ஒட்டன்சத்திரம் பக்கம். கோபமே வராது. முதலில் தோலைச் சுரண்டிப் பார்த்தார். மழுங்கிய பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, லேசாக ரத்தம் கசிகிற வரை சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் குடியிருந்தால் அதில் தெரியும். இரண்டு மூன்று முறை பார்த்தும் பூச்சி இல்லை. செல்லோ டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்ததில் பூஞ்சையும் கிருமியும் இருந்தன.

"இதுக ரெண்டும் பின்னால வந்ததுங்க. தோல் கெட்டு, சொறிஞ்சு புண்ணாகி, அதுல வந்து உக்காந்துகிட்டதுங்க. மொதல்ல அரிப்பு எதனால வருதுன்னு தெரியணும். ஏதோ ஒண்ணு இதுக்கு ஒத்துக்கலீங்க. ஒவ்வாமை. மத்தவங்களுக்கு ஒட்டாதுங்க, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். நாங்கள் என்ன சாப்பிடுகிறோமோ அதுதான் என்றோம். எந்தக் காலத்தில் அதிகம் என்று கேட்டார். வெயில் காலத்தில் என்றோம். இடையில் கொஞ்ச நாள் குறையும், சித்திரை வெயில் ஏற ஏறத் திரும்ப வந்துவிடும், அப்புறம் வருஷம் பூராவும் இருக்கும். அவர் எழுதிக்கொண்டார். தூசி, புல், மகரந்தம் ஏதாவது இருக்கலாம் என்றார். நாங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தப் பதிலால்தான் கோவா இன்னும் ஒரு வருஷம் சொறிந்தது.

ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். உடம்பு தேவையில்லாமல் காட்டுகிற கோபத்தை அடக்குகிற மருந்து அது. மறுநாளே கோவா குட்டியாகிவிட்டது. தெருக்கோடி வரை ஓடிவிட்டு வந்தது. நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மூன்று வாரத்தில் அரிப்பு திரும்ப வந்தது. மறுபடி ஊசி, மறுபடி ஓட்டம், மறுபடி அரிப்பு. இடையில் கோவா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வீடெங்கும் சிறுநீர் போனது, வயிறு தொங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் கெட ஆரம்பித்திருந்தது.

"இனி இந்த ஊசி வேண்டாங்க" என்றார் டாக்டர். அவர் முகம் வாடியிருந்தது.

புது மாத்திரை ஒன்று உண்டாம். ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். விலையைக் கேட்டதும் சேசுராஜ் புங்கமரத்தடிக்குப் போய்விட்டார். பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டோம், உடம்பைக் கடிக்காமல் இருக்க. இரவெல்லாம் அந்தப் பக்கெட் கதவில் இடிக்கும் சத்தமும் பின்னங்கால் தரையில் அடிக்கும் சத்தமும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்கும். இரண்டு பேரும் தூங்குவதுபோல் படுத்திருப்போம்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேசுராஜ் டவுனில் ஒரு கடையில் பிரியாணி மாஸ்டர். விடிவதற்குள் அடுப்பு மூட்டப் போய், மதியப் பந்தி முடிந்து நாலு மணிக்கு வீடு வருவார். கையில் ஒரு பொட்டலம் இருக்கும். நல்லி எலும்பு, கொஞ்சம் கறி ஒட்டியது. கோவா கேட்டுக்கு அடியில் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கும். ஊரில் எல்லோரும் பிரியாணியைப் பற்றி என்ன சொன்னாலும் இவருக்கு ஒன்றுதான். கோவா அந்த எலும்பைக் கடித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். என்னிடம் அப்படிப் பாராட்டு எதிர்பார்த்ததில்லை, கிடைத்ததும் இல்லை.

மகள் ரோஸிக்குத் தலைப்பிரசவம். தை மாதம் நம் வீட்டுக்கு வர வேண்டும். அவள் மாமியார் வீட்டில் மெதுவாக ஒரு பேச்சு வந்தது. சீக்கு நாய் கிடக்கிற வீட்டில் பச்சைப்பிள்ளையை எப்படி வைப்பது? ஒட்டாத நோய் என்று சொன்னேன். தலையாட்டினார்கள், நம்பவில்லை. நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தபோது இவர் தடுத்துவிட்டார்.

அன்று மாலை என்னிடம் சொன்னார். "பிள்ளைக்காகச் சொல்லல ஃபிலோ. அது படுற பாட்டப் பாக்க முடியல. நாமளும் எம்புட்டுத்தான் பாத்தோம்? அனுப்பிருவோம்."

நான் சண்டை போட்டேன். கத்தினேன். பக்கெட் மாட்டிய கோவா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, உட்கார முடியாமல், நின்றபடியே கண்ணை மூடித் தூங்கி வழிந்தது. அதைப் பார்த்ததும் என் கத்தல் நின்றுவிட்டது. சரி என்றேன்.

நாள் குறித்தோம். முந்தின நாள் பெரிய பொட்டலமாகக் கொண்டுவந்தார். கடைசிச் சாப்பாடு. பக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் கொடுத்தார். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் ஜெய்லானி பாய் வண்டியை அலசிவிட்டுத் தயாராக நின்றார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியும். ஏறும்போது கோவாவைப் பார்த்து, "போய்ட்டு வாலே அப்பு" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் அவசரப்படவில்லை. என்ன நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். முதலில் மயக்க ஊசி, அது தூங்கிய பிறகு இரண்டாவது ஊசி. வலிக்காது. கூட இருக்கலாம், இல்லையென்றால் வெளியில் இருக்கலாம். எதைச் செய்தாலும் தப்பில்லை. உதவியாளர் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்தார். கோவா அவர் கையை நக்கியது.

அப்போதுதான் என்னால் தாங்க முடியாமல் ஒரு வார்த்தை வந்துவிட்டது. "டாக்டரம்மா, தவக்காலம் வரைக்கும் வச்சிருக்க முடியாதா? அந்தக் கொஞ்ச நாளாச்சும் அது அரிப்பில்லாம இருந்துட்டுப் போகட்டுமே."

"ஃபிலோ, சும்மா இரு" என்றார் இவர்.

டாக்டர் கேட்டார்: "தவக்காலத்துல என்னங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்வார்களா? ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியார் கோவிலுக்குப் போய் கோவாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வருவதற்குள் அரிப்பு குறைந்து, முடி முளைத்துவிடும். எல்லாம் அந்தோனியார் கொடுக்கிற வரம். ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். நான் நன்றி செலுத்தப் போகாமல் இருந்துவிடுவதால்தான் என்று நினைத்துக்கொள்வேன். இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், தவக்காலத்துல நீங்க கறி சாப்பிட மாட்டீங்கல்ல?"

"தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனோட கறிச்சட்டி பரணுக்குப் போயிரும். முட்டை, மீன், பால்கூட கெடையாது. இவரு கடையில உப்புப் பாக்கக்கூட வாயில வைக்க மாட்டாரு, வேற ஆளு பாப்பாங்க."

"நாய்க்கு?"

நான் வாயைத் திறந்தேன். சேசுராஜ் முந்திக்கொண்டார். "அந்த நாளுல பொட்டலம் கொண்டுவர மாட்டேன் டாக்டர். வீட்டுக்குள்ள கவிச்சி வரக்கூடாதுல்ல. அதுக்கும் பருப்புஞ்சோறுதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

நாங்கள் வெயில் என்று நினைத்தது ஈஸ்டர் விருந்து. நான் வரம் என்று நினைத்தது பருப்புஞ்சோறு. மூன்று வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றி, அதைச் சாமியிடம் மட்டும் சொல்லி, டாக்டரிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறேன். அந்தோனியார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். எப்போது கூடுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள், எப்போது குறைகிறது என்பதையும் சொல்லுங்கள். விரதம், நேர்த்திக்கடன், ஊர்த் திருவிழா, விருந்தாளி வருகை, எதையும் விடாதீர்கள். டாக்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா பாத்துறலாம். எட்டு வாரம். கறி, முட்டை, மீன், பால் எதுவும் வாயில படக்கூடாது. ஒரு துணுக்குப் பட்டாலும் மொதல்ல இருந்து எண்ணணும்" என்றார் டாக்டர். அரிசி, பாசிப்பருப்பு, பூசணிக்காய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். வெங்காயம், பூண்டு, புளி கூடாது. கிருமிக்கான மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். வெறும் சோறு மட்டுமே போதாது என்று சத்துப் பொடி ஒன்றும் எழுதினார். மருந்து ஷாம்பு போட்டால் உடனே கழுவாமல் பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் கோவாவைப் பிடித்து வைப்பது தனிக் கதை.

வெளியே வந்தபோது, நாய் தன் காலில் நடந்து வருவதைப் பார்த்து ஜெய்லானி பாய் வண்டியிலிருந்து குதித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க வீட்டுல இருந்து எலும்பு கிலும்பு போடக்கூடாதுன்னு புள்ளைககிட்டச் சொல்லிப்புடுறேன்" என்றார். சொன்னபடி தெரு முழுக்கச் சொன்னார். கறிக்கடைக்காரர் வரைக்கும் சேதி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் சேசுராஜ் தடுமாறி நின்றுகொண்டு கேட்டார். "அப்ப நாந்தானா? இம்புட்டு நாளும் நான் குடுத்ததுதானா?"

"தெரியாமத்தானே குடுத்தீங்க" என்றேன்.

"நேத்துக்கூடக் குடுத்தேனே ஃபிலோ."

நான் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் கடையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். அது நல்லதுதான். ஆனால் முன்வாசலை விட்டுவிட்டு, பின்சந்து வழியாக அடுப்படிக் கதவைத் தட்டினார். ஏன் என்று கேட்டேன். "வெறுங்கையோட எப்படி அது மூஞ்சில முழிக்கிறது? பொட்டலத்துக்குத்தான் அது நிக்கிது. நாலு நாள் பாக்கும், அப்புறம் மறந்துரும்" என்றார். கோவா மறக்கவில்லை. தினமும் நாலு மணிக்குக் கேட்டுக்கு அடியில் மூக்கை விட்டு நிற்கும். இருட்டுகிற வரை நிற்கும். இவர் உள்ளே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரையும் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும்.

கிறிஸ்துமஸ் நடுவில் வந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் தக்காளிச் சோறு. யாரும் தவறி ஒரு எலும்பைப் போட்டுவிடக் கூடாதே என்று பயந்து, விருந்தை ரோஸியின் மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். போன இடத்தில் சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தோம்.

நல்லது மெதுவாகத்தான் வந்தது. முதலில் வாடை போனது. பிறகு காது காய்ந்தது. ஒரு நாள் அடிவயிற்றில் பூனை முடிபோல் மெல்லிசாக ஏதோ முளைத்திருந்தது. பக்கெட்டைக் கழற்றினோம். பொங்கலுக்குள் கண்ணைச் சுற்றிய வட்டம் மறைந்துவிட்டது. ரோஸி வந்தாள், அவள் மாமியாரும் கூட வந்து, கோவாவை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "வேற நாயா?" என்று கேட்டார்.

எட்டு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார். முறைப்படி இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஆட்டுக்கறியா, கோழியா, பாலா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு வந்தால் அதுதான். வராததைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

"ஆட்டுக்கறியில இருந்து ஆரம்பிக்கலாங்களா மாஸ்டர்?"

சேசுராஜ் தலையை ஆட்டினார். "வேணாம் டாக்டர். தெரியாமக் குடுத்தது போதும். தெரிஞ்சு குடுக்க எனக்குக் கை வராது."

"அப்படீன்னா ஆயுசுக்கும் கறி கெடையாதுங்களே?"

"கெடையாதுன்னா கெடையாது" என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். கடையில் நூறு பேருக்குக் கறி அள்ளிப் போடுகிற மனுஷன்.

எங்களை வீட்டில் விட்டுவிட்டு அவர் கடைக்குப் போனார். அன்று ஒரு முடிவோடு அடுப்படிக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாலு மணிக்குத் தட்டினார். திறக்கவில்லை.

"ஃபிலோ, கதவத் தெற."

"முன்வாசல் வழியா வாங்க."

"வெளாடாத."

"வெளாடல. வாசல் அங்கதான் இருக்கு."

பிறகு சந்து வழியாகச் சுற்றிச் செருப்புச் சத்தம் போனது. நான் ஜன்னலுக்கு வந்தேன். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர், கோவாவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார். கோவா வலது கையை முகர்ந்தது. இடது கையை முகர்ந்தது. சட்டைப் பையை, டிபன் பையை, வேட்டி மடிப்பை எல்லாம் ஒரு இடம் விடாமல் சோதித்தது.

"ஒண்ணும் இல்லலே. இனிமே ஒண்ணும் இருக்காது" என்றார் இவர்.

கோவா சோதனையை முடித்துக்கொண்டது. ஒரு சுற்றுச் சுற்றி, அவர் பாதங்கள் இரண்டின் மேலும் தன் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தெருவைப் பார்த்தது. அவர் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார்.

"ஃபிலோ, காப்பிய இங்கயே கொண்டா. எந்திரிக்க மாட்டேங்குது."